சூளை ஓரத்தில் வளர்ந்த அக்கிக் கிருமி

கல்வராயன் மலை என்று எழுதினாலே அருவிக்கு வழி கேட்டு நாலு பேர் பின்னூட்டம் போடுகிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் அருவி கிடையாது. நான் முதன்முதலில் அந்த மலைக்குப் போனது ஒரு மனிதரின் விலாவில் கிளம்பியிருந்த கொப்புளத்திலிருந்து நாலு சொட்டு நீர் எடுக்க. எண்பதுகளின் பின்பாதி அது. இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி வட மாவட்டங்களில் சூடு பிடித்திருந்த வருடங்கள். மூன்று நாளில் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், பதினோராம் நாள்தான் சென்னை திரும்பினேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக: நான் வைரஸ் ஆய்வாளர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வேலை பார்த்த முப்பத்துச் சொச்ச வருடமும் ஹெர்பிஸ் என்ற ஒரே குடும்பத்துக் கிருமிகளோடுதான் மல்லுக்கட்டினேன். சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் வேலை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முதல் முறை உடம்பெங்கும் அம்மையாக வரும். இறங்கிய பிறகு செத்துவிடாது, நரம்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வருடங்கள் கழித்து உடம்பு கொஞ்சம் தளர்ந்தால் அதே நரம்பு வழியாக, ஒரு பக்கமாக, பட்டையாகக் கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். அதைத்தான் நாம் அக்கி என்கிறோம். விலாவில் வந்தால் சட்டைத் துணி உரசினாலே உயிர் போகும்.

அந்தக் கிருமியை ஆய்வகத்தில் உயிரோடு வளர்க்க வேண்டும். அதுதான் என் வேலை. நம் ஊர்க் கிருமி கையில் இருந்தால்தான் நம் ஊர் ரத்தத்தைச் சோதிக்க முடியும், யாருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல முடியும். நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் எதுவும் வளரவில்லை. எங்கள் துறைத் தலைவர் பொறுமைசாலிதான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. "மாதக் கடைசிக்குள் ஒரு குழாயிலாவது உயிரோடு காட்டுங்கள். இல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு உங்களை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும்" என்றார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்து வருடம் படித்து, மூன்று வருடம் உழைத்த ஆராய்ச்சி.

ஏன் வளரவில்லை என்று யோசித்தபோது ஒன்று உறைத்தது. அந்தக் கிருமி கொப்புளம் கிளம்பிய முதல் மூன்று நாள்தான் துடியாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களோ ஆறாம் நாள், ஏழாம் நாள் வருகிறார்கள். வரும்போது கொப்புளத்தின் மேல் காவி காய்ந்து ஒட்டியிருக்கும். நம் பக்கத்தில் அக்கி வந்தால் முதலில் போவது டாக்டரிடம் இல்லையே, அக்கி எழுதுகிறவர்களிடம்தானே. குயவர் வீட்டில் காவிக்கல்லை உரசி, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் பூசி, பக்கத்தில் ஒரு சிங்கம் போடுவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்பது கணக்கு. எழுதியும் வலி குறையவில்லை என்றால்தான் பஸ் ஏறுவார்கள்.

கடைசியாக வந்த நோயாளி சங்கராபுரத்துக்காரர். "எங்க பக்கம் பூங்காவனம்தாங்க எழுதும். இருவது மைல் சுத்தி எல்லாரும் அதுகிட்டதான் போவாங்க" என்றார். அப்படியானால் அக்கி முதல் நாள் போய் நிற்கும் இடத்தில் நானும் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன? தலைவரிடம் சொன்னேன். சாலை மறியல் ஒரு வாரம் என்று அறிவித்திருக்கிறார்கள், இப்போது போகாதீர்கள் என்றார். மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் திரும்பிவிடுவேன் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு இருந்தது மொத்தம் மூன்று வாரம்.

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 240 கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ், டிக்கெட் 23 ரூபாய், மதியம் 12.40க்கு இறக்கிவிட்டான். அங்கிருந்து சங்கராபுரம் சுமார் 18 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் இரண்டு ரூபாய். என் கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ரப்பர் மூடி போட்ட ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள மனிதச் செல்கள் கண்ணாடியோடு ஒட்டி வளர்ந்திருந்தன, மேலே அவற்றுக்குச் சாப்பாடாக இளஞ்சிவப்புத் திரவம். கொப்புள நீரைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாக, செல்களையே நோயாளியிடம் தூக்கிக்கொண்டு போவது என்பது என் திட்டம். குழாய்கள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு ஆறரை மணி நேரம் வந்தேன். உளுந்தூர்பேட்டையில் பக்கத்து சீட்டுக்காரர் "முட்டையாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூங்காவனத்தின் வீடு சங்கராபுரத்தின் ஓரத்தில், சூளைக்குப் பக்கத்தில். நாற்பது வயது இருக்கும், உயரமான பெண்மணி, கை முழுக்க மண். கணவர் சந்தைக்குப் பானை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கியத் தொறத்தறதுக்கு என்கிட்ட வருவாங்க. புடிச்சிக்கினு போறதுக்கு நீங்கதான் மொத ஆளு. இன்னா செய்வீங்க அத்த வச்சிக்கினு?"

"வளர்ப்பேன் அக்கா."

"நல்லா இருக்குது போங்க. நான் தொறத்துவேன், நீங்க வளப்பீங்க." சிரித்துவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். பிறகு ஒரு கண்டிஷன் போட்டார். "நான் எழுதறதுக்கு முன்னாடி நீங்க எடுத்துக்கலாம். எழுதினப்புறம் யாரும் அத்தத் தொடக் கூடாது. ஆளு வேணாம்னு சொன்னா வுட்டுடணும்." எங்கள் ஆய்வகத்தில் எந்த ஒப்புதல் படிவமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. சம்மதித்தேன்.

இரண்டாம் நாள் முழுக்க அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு ஆள் வந்தார், அதுவும் வேர்க்குரு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சாயங்காலம் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய ஒருவர் வந்து, தன் மாமா சடையன் என்பவருக்கு முந்தின நாள் விலாவில் அக்கி கிளம்பியிருக்கிறது, வலியில் எழுந்திருக்க முடியவில்லை, பூங்காவனம் மேலே வர வேண்டும் என்றார். மறியல் தொடங்க இன்னும் ஒரு பகல்தான் பாக்கி. திரும்பிப் போவதா, மலை ஏறுவதா என்று நான் யோசிப்பதற்குள் பூங்காவனம் காவிக்கல்லைத் துணியில் முடிந்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை 5.45க்குக் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்து வெள்ளிமலை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் நாலரை ரூபாய். மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பெட்டியைத் தொட்டில் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிமலையில் இறங்கியபோது 9.20. அந்தச் சில்லென்ற காற்றை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அன்று அது எதிரி. குழாய்களை எடுத்து இடுப்பில் துணியோடு சேர்த்துக் கட்டி, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டேன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. நோயாளியின் பெயரும் நான் மாற்றி வைத்ததுதான்.

சடையனுக்கு ஐம்பது வயதிருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிற மனிதர். சட்டை இல்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகிலிருந்து விலா வழியாகத் தொப்புள் வரை பட்டையாகக் கொப்புளங்கள், தெளிந்த நீரோடு. மூன்றாம் நாள் பகல். எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இத்த எடுத்தா எனக்கு வலி கம்மியாவுமா?"

"ஆகாதுங்க. உங்களுக்கு இதால ஒன்னும் கிடைக்காது. பின்னாடி வர்றவங்களுக்குக் கிடைக்கலாம்."

"சரி, எடு. வலிதான் எப்படியும் கீது" என்றார்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். கையைக் கழுவினேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு கொப்புளங்களைத் துடைத்து, ஊசியால் நீரை இழுத்து, முதல் குழாயிலும் இரண்டாம் குழாயிலும் விட்டேன். சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தார். அடுத்த கொப்புளத்துக்குப் பஞ்சைக் கொண்டுபோனபோது பூங்காவனம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அக்கி மேல எரியறது எதும் வெக்கக் கூடாதும்மா. மனுசன் எப்படித் துடிக்கிறாரு பாரு."

"சுத்தம் பண்ணாம ஊசி போடக் கூடாது அக்கா. தோல் மேல கிருமி இருக்கும்."

"கிருமிய எடுக்கத்தான வந்த? அத்த நீயே தொடச்சிட்டா இன்னாத்த எடுப்ப?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒரு டாக்டருக்குப் பானை செய்கிறவர் பாடம் நடத்துகிறாரே என்ற திமிர்தான், வேறென்ன. ஆனால் பிடித்த மணிக்கட்டை விட மாட்டேன் என்கிறார், நோயாளியோ அவர் பக்கம். கடைசியில் கொதித்து ஆறிய தண்ணீரில் என் சுத்தமான பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். பூங்காவனமே கொப்புளங்களை ஒற்றி எடுத்தார், இறகு பிடிக்கிற கை அல்லவா, சடையன் முனகக்கூட இல்லை. அந்தக் கொப்புளங்களிலிருந்து நான் ஊசியால் இழுத்த நீரை மூன்றாம் குழாயிலும் நான்காம் குழாயிலும் விட்டேன். ஐந்திலும் ஆறிலும் கொப்புள நீர் விடவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே வைத்துக்கொண்டேன். மூன்றும் நான்கும் அழுக்குப் பட்டுக் கெட்டுப்போகும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே மூடியை இறுக்கினேன்.

பிறகு அவர் வேலை. காவி பூசி, பக்கத்தில் சிங்கம் போட்டார். எனக்கு அது நாய் மாதிரிதான் தெரிந்தது, சொல்லவில்லை. சடையனுக்கு என் பையிலிருந்த வலி மாத்திரைகளைக் கொடுத்தேன். அன்று அவர்கள் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும். அதற்கடுத்து எத்தனையோ ஊர் போனேன், அந்தக் குழம்பு கிடைக்கவில்லை. கடைசி பஸ் போய்விட்டிருந்ததால் அங்கேயே தங்கினோம்.

நான்காம் நாள் காலை வெள்ளிமலையில் ஏறிய பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டது. மறியல் தொடங்கிவிட்டது. சங்கராபுரத்துக்கு நடக்க வேண்டியதுதான். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலியைத் தோளில் வைத்திருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்க போறீங்க? வழி கெடையாது, திரும்பிப் போங்க. இன்னா பொட்டி அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் சொல்லிவிட்டார். "அக்கித் தண்ணி. தொறந்து காட்டட்டா?"

எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். கோடாலிக்காரர் மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "யக்கா, நீயா? போன வருசம் எங்க அம்மாவுக்கு இடுப்புல எழுதனியே."

"கருவாடு தின்னக் கூடாதுன்னு சொல்லச் சொல்லத் தின்னுச்சே, அந்த அம்மாதான?"

கூட்டமே சிரித்தது. அந்த மனிதர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். ஆட்டக் கூடாதுங்க என்றேன். அவர் கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, மறுபக்கம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு, வேல கேட்டுத்தான் உக்காந்துகினு கீறோம் டாக்டரம்மா. உங்க வேலையக் கெடுக்கணும்னு இல்ல" என்றார். அடுத்த இரண்டு மரங்கள் வரை கூடவே வந்து எங்களைத் தாண்ட வைத்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில் உயிர் போனவர்களும் உண்டு, வீடு எரிந்து நின்றவர்களும் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. நான் பார்த்தது மூன்று மரங்களையும் ஒரு மனிதரையும்தான். அதற்கு மேல் அந்தக் கிளர்ச்சியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

சங்கராபுரம் வந்து சேர்ந்தபோது மணி மாலை நான்கு. கால் இரண்டும் வீங்கிவிட்டன. போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன், தந்தியும் போகவில்லை, பஸ்ஸும் இல்லை. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிருமி வளர குறைந்தது ஐந்தாறு நாள் வேண்டும், அத்தனை நாளும் 36 டிகிரி சூடு வேண்டும். சென்னையில் அதற்கென்று பெட்டி இருக்கிறது. இங்கே இடுப்புத் துணிதான் இருக்கிறது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பூங்காவனத்திடம் சொல்லியும் விட்டேன்.

"எம்மாம் சூடு வோணும்?" என்றார்.

என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "இவ்வளவு. ஜாஸ்தியும் ஆகக் கூடாது, கம்மியும் ஆகக் கூடாது."

அவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு சூளையை ஒரு சுற்று சுற்றி வந்தார். நாங்கள் மலைக்குப் போன அன்று அவர் கணவர் வேக்காட்டுக்குத் தீ மூட்டிச் சூளையை மூடியிருந்தார், உள்ளே பானைகள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. ஒரு வாய் அகன்ற பானையில் பாதி உமி கொட்டி, குழாய்களைச் சாய்வாகப் படுக்க வைத்து, மேலே மூடி போட்டு, சூளைச் சுவரிலிருந்து மூன்று முழம் தள்ளி வைத்தார். நான் உள்ளே வெப்பமானியைச் செருகினேன். கால் மணி கழித்துப் பார்த்தால் 39. ஒரு முழம் தள்ளினோம். 37. இன்னும் அரை முழம். 36. அன்றிலிருந்து நான் வெப்பமானியைப் பார்ப்பேன், அவர் பானையில் புறங்கையை வைப்பார். இப்படி மூன்று நாள் போன பிறகு எனக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. சூளை ஆற ஆறப் பானை நெருங்கிக்கொண்டே வந்தது, பிறகு அவர் அடுத்த சூளையைக் கொளுத்தினார். சாலையில் வெட்டிப் போட்ட கிளைகளை ஊரே இழுத்துக்கொண்டு போனபோது அவரும் ரெண்டு கட்டு கொண்டுவந்து போட்டார். பச்சை மரம், அடுத்த மாதச் சூளைக்கு ஆகும் என்றார்.

அந்த ஆறு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். போகிற வருகிறவர்கள் "இன்னாங்க அட வச்சிகீறீங்க?" என்று கேட்பார்கள். பூங்காவனம் "டாக்டரம்மா அக்கிக்கு அட வச்சிகீது" என்பார். கேலி தாங்காது. ஆனால் பானையைத் தொடுவதற்கு யாரையும் விட மாட்டார், கோழியையும் சேர்த்து.

ஒன்பதாம் நாள், அதாவது கொப்புள நீர் விட்ட ஆறாம் நாள், பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது? பக்கத்துத் தெருவில் மேல்நிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். மறியலால் பள்ளி மூடியிருந்தது, சாவி அவரிடம். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத் திறந்தார். பானையை உமியோடு தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம்.

குழாயைப் படுக்க வைத்துக் கண்ணை வைத்தேன். முதலில் ஐந்தும் ஆறும். செல்கள் பாயில் கோரை மாதிரி வரிசையாக, ஆரோக்கியமாக இருந்தன. சூளை அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. அடுத்து ஒன்று. அதிலும் அதே வரிசை, எந்த மாற்றமும் இல்லை. இரண்டு. அதிலும் இல்லை. நம்பிக்கையோடு எடுத்த இரண்டும் போயிற்று, கறுவிக்கொண்டே எடுத்த இரண்டுதான் பாக்கி. மூன்றை வைத்தேன். வரிசைக்கு நடுவே ஓர் இடத்தில் செல்கள் ஊதி, உருண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். நான்கில் அப்படி இரண்டு இடம்.

அப்போதுதான் பூங்காவனம் மலையில் சொன்ன வாக்கியம் மண்டையில் ஏறியது. ஸ்பிரிட் பட்டால் இந்தக் கிருமி செத்துவிடும். இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஊசி எடுத்தால் பஞ்சு, பஞ்சு எடுத்தால் ஸ்பிரிட் என்று ஆஸ்பத்திரியில் கை பழகிவிட்டது. கிருமியை உயிரோடு பிடிக்கப் போகிறவள், பிடிப்பதற்கு முன்பே கொன்றுகொண்டிருந்தேன். முன்பு போன நான்கு முயற்சிக்கும் காவியையும் தாமதத்தையும் மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அந்தப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமும் வெட்கமும் சரிபாதி. ஆசிரியர் பாவம், தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

பூங்காவனம் என்னை நகர்த்திவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதானா? இத்தினியூண்டு கீது. இதுக்கா நான் இம்மாம் பெரிய சிங்கம் போடறேன்?"

பத்தாம் நாள் ராத்திரி மறியல் முடிந்து, பதினோராம் நாள் காலை முதல் பஸ் ஓடியது. சாலை ஓரமெல்லாம் வெட்டிய மரங்கள். சென்னைக்கு எட்டே முக்கால் மணி நேரம் ஆனது. அன்று மடியில் இருந்த குழாய்களிலிருந்து வளர்ந்ததுதான் அடுத்த இருபத்தைந்து வருடம் நான் செய்த எல்லாச் சோதனைக்கும் விதை. பூங்காவனம் அதன் பிறகு புது அக்கி வந்தால் அந்த ஆசிரியரை விட்டு ஒரு தபால் கார்டு போடச் சொல்வார். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் எழுத மாட்டேன் என்று சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார், அது மட்டும் நான் கேட்டுக்கொண்டது.

இனி கிளம்புகிறவர்களுக்கு. கள்ளக்குறிச்சி இப்போது மாவட்டத் தலைநகர், சென்னையிலிருந்து நிறைய பஸ் இருக்கிறது. வெள்ளிமலைக்கு நேரடி பஸ் நேரத்தைக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். மாலை நான்குக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். ஸ்வெட்டர் வேண்டும். சாமைச் சோறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அக்கி வந்தால் மூன்று நாளைக்குள் டாக்டரைப் பாருங்கள், இப்போது அதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது, முன்னாலேயே போட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இருக்கிறது. கண் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காவி நோயைக் குணப்படுத்தாது, அது தானாக இறங்குகிற நோய். எழுதிக்கொள்வதானால் மாத்திரையும் போட்டுக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று. எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு குழாயோடும் ஒரு படிவம் போகும். அதில் 'மாதிரி எடுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்று, இரண்டு குழாய்களுக்கு என் பெயரை எழுதினேன். மூன்றுக்கும் நான்குக்கும் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பூங்காவனம் என்று எழுதினேன். ஊசி பிடித்தது நான்தான், ஆனால் கிருமி பிழைத்தது துடைத்த கையால். துறைத் தலைவர் முடிவுகளைப் பார்த்தார், படிவங்களைப் புரட்டினார்.

"உங்கள் பெயரில் இருக்கும் இரண்டிலும் கிருமி வளரவில்லை. யார் இந்த டாக்டர் பூங்காவனம், எந்த ஊர்?"

"சங்கராபுரம் சார்."

"நல்ல கை. இனிமேல் இவரையே எடுக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.